அடி வாங்கியும் பறக்காதவன்

யாரையாவது கில்லி என்று புகழ்வதற்கு முன்னால், கில்லி எது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த ஆட்டத்துக்கு இரண்டே கட்டைகள். ஒன்று முழங்கையைத் தாண்டி நீளும், அதற்குத் தாண்டு என்று பெயர். இன்னொன்று விரல் நீளம்தான் இருக்கும், இரண்டு முனையையும் கூராகச் சீவியிருப்பார்கள், அதுதான் கில்லி. தாண்டு அடிக்கும், கில்லி அடி வாங்கும். முனையில் ஒரு தட்டு, பதறி எம்பினால் அந்தரத்தில் ஓர் அடி, விழுந்த இடத்தில் மறுபடியும் ஒரு தட்டு. ‘ஆளு கில்லிடா’ என்று தமிழ்நாடே கொண்டாடுவது இந்த அடிபட்ட துண்டைத்தான். அடித்த கட்டையை யாரும் சீண்டுவதில்லை. ‘எம் புள்ள தாண்டு மாதிரி’ என்று எந்த அம்மாவும் பக்கத்து வீட்டில் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

தாண்டுக்கு மூலம் தண்டம் என்கிற வடசொல். தடி, கம்பு என்று அர்த்தம். தடியால் அடிப்பது தண்டனை ஆயிற்று, அடிக்குப் பதில் கட்டுகிற காசும் தண்டம் ஆயிற்று, பிறகு வீணாய்ப் போகிற எல்லாமே தண்டமாகி, கடைசியில் தண்டச்சோறு வரைக்கும் வந்து நின்றது. ஆக, எங்கள் அம்மா என்னை ஆட்டத்தின் பெரிய கட்டையின் பெயரைச் சொல்லித்தான் இத்தனை காலம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். தெரியாமல் கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

அடி வாங்குவது ஒன்றுதான் தகுதி என்றால் கில்லிப் பட்டம் எனக்கு ஆரம்பப் பள்ளியிலேயே வந்திருக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்கு அடி, கையெழுத்துக்கு அடி, பக்கத்துப் பையன் பேசியதற்கும் அடி. வராமல் போனதற்கு ஒரே காரணம்தான். அடி விழுந்ததும் கில்லி பறக்கும். நான் அங்கேயே நிற்பேன்.

ஊர் திருப்பத்தூர். எந்தத் திருப்பத்தூர் என்பீர்கள். மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்டது சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில். நான் ஜவ்வாது மலை அடிவாரத்துத் திருப்பத்தூர்க்காரன். ஜோலார்பேட்டை கூப்பிடு தூரம், ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது. மலையிலிருந்து புளி வரும், சாமை வரும், ஒரு காலத்தில் சந்தனக் கட்டை வண்டி வண்டியாக வந்து அரசாங்கக் கிடங்கில் இறங்கும். தெருவில் தமிழ் பேசுவார்கள், அடுத்த வீட்டில் தெலுங்கு, முக்குக் கடையில் உருது. மூன்றிலும் திட்டு வாங்குகிற வசதி எனக்குச் சின்ன வயதிலேயே வாய்த்தது.

கோடையில் ஏரி வற்றியதும் கில்லி ஆட்டம் தொடங்கும். தரையில் கில்லி பாதியாவது இறங்குகிற அளவுக்கு நீளவாக்கில் ஒரு குழி. குழியின் குறுக்கே கில்லியை வைத்து, அடியில் தாண்டைக் கொடுத்து நெம்பி எறிய வேண்டும். எதிரே நிற்பவர்கள் அந்தரத்தில் பிடித்துவிட்டால் அவுட். பிடிக்காவிட்டால் விழுந்த இடத்திலிருந்து குழியை நோக்கி எறிவார்கள். குழியின் மேல் குறுக்கே கிடத்தியிருக்கும் தாண்டில் அது பட்டாலும் அவுட். இவ்வளவையும் தாண்டினால்தான் முனையைத் தட்டி எழுப்பி அடிக்கிற பாக்கியம். அடித்த தூரத்தைத் தாண்டால் அளப்பார்கள். என் விஷயத்தில் அளக்கிற வேலை பெரும்பாலும் மிச்சம்.

தட்டுவதில்தான் சூட்சுமம். பலமாகத் தட்டினால் கில்லி முகத்துக்கு வரும், மெதுவாகத் தட்டினால் எழும்பாது. சரியாகத் தட்டி, அது இடுப்பு உயரத்துக்கு வந்து ஒரு கணம் சுழலும்போது வீச வேண்டும். என் தாண்டு போய்ச் சேருகிற நேரத்தில் கில்லி தன் வேலையை முடித்துக்கொண்டு தரைக்குத் திரும்பியிருக்கும். காவலூரில் வைணு பாப்பு பெயரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் திறந்து வைத்த புதிது அது. எங்களில் ஒருவன் ஓங்கி அடித்தால், ‘காவலூருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கடா, எங்க போச்சுன்னு’ என்பார்கள். நான் அடித்தால் குனிந்து என் செருப்புக்கு அடியில் பார்ப்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

குறை கையில் இல்லை, கட்டையில் என்று முடிவு செய்தேன். அந்த வயதில் நான் எடுத்த முடிவுகள் எல்லாமே இந்த ரகம்தான். புளியங்கட்டை கனம், வேப்பங்கட்டை சிலாம்பு விடும், கொய்யாக் கட்டை நன்றாக எம்பும் என்று ஆளுக்கொரு சாஸ்திரம் சொன்னார்கள். மேல் வகுப்புப் பையன் ஒருவன் என்னைத் தனியாக அழைத்துப் போய், கிடங்குக்குப் பின்னால் கிடைத்தது என்று காகிதத்தில் சுற்றிய கில்லி ஒன்றைக் காட்டினான். முகர்ந்தேன். சந்தனம். ‘வெளிய காட்டாத, ஃபாரஸ்ட்காரன் புடிச்சிக்கினு போயிடுவான்’ என்றான். என் மசிப் பேனாவையும் ஒரு வாரத்து முறுக்குக் காசையும் கொடுத்து வாங்கினேன். பகலில் எடுக்கப் பயம், இரவில் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் தூக்கம் வராது. சைக்கிளில் காக்கிச் சட்டை போட்டவர் யார் போனாலும் வயிற்றைக் கலக்கும். அஞ்சல்காரரைக் கண்டு ஒருநாள் கொல்லைப் பக்கம் ஓடினேன். கடைசியில் வாசனை போய்விட்டது. கோயிலில் கொடுக்கிற சந்தனத்தைக் குழைத்துப் பூசிய கொய்யாக் கட்டை. அதையும் சொல்லிவிட வேண்டும், நன்றாகத்தான் எம்பியது. அடிக்கத்தான் முடியவில்லை.

அணி பிரிக்கும்போது இரண்டு தலைவர்களும் மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள். கடைசியில் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு ஒருவன் மிஞ்சுவான். அவனுக்குத் தமிழில் ஒரு பதவி உண்டு, ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் சேர்த்தி, ஆனால் கணக்கில் சேர்த்தி இல்லை. அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் பிடித்ததாகாது. அழாமல் இருப்பதற்காக ஆட்டத்தில் நிறுத்தப்பட்டவன். இந்தச் சொல் ஆட்டக்களத்தை விட்டு வெளியே வந்து, இன்றைக்குக் கல்யாணக் கமிட்டியிலும் அலுவலகக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. பெயருக்குத் தலைவராக இருப்பவரை ‘அவர் ஒப்புக்குச் சப்பாணிதான்’ என்கிறோம். பிள்ளைத்தமிழில் சப்பாணி என்பது குழந்தை கைகொட்டி ஆடுகிற பருவம், எவ்வளவு அழகான இடம். தெருவுக்கு வந்ததும் அது காலைக் குறித்த கேலி ஆயிற்று. ‘16 வயதினிலே’ 1977-ல் வந்தபோது அந்தப் பெயரால் அழைப்பவனை அறையும்படி மயிலு கோபாலகிருஷ்ணனுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்து ஊர் கைதட்டியதாம். தட்டிவிட்டு, அந்தப் பெயரையே தெருவில் சொல்லிக் கேலியும் பேசியது. கால் நன்றாக இருந்தும் அந்தப் பதவியில் நீடித்தவன் என்கிற முறையில், சொல்லை மாற்றினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் ஓரளவு பேர் வாங்கியது ஓர் இடத்தில் மட்டும்தான். தோற்ற அணிக்கு ஒரு தண்டனை உண்டு. ஜெயித்தவன் கில்லியை எவ்வளவு தூரம் அடிக்க முடியுமோ அடிப்பான், தோற்றவன் அங்கிருந்து குழி வரைக்கும் மூச்சு விடாமல் கத்திக்கொண்டே ஓடி வர வேண்டும். மூச்சு அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து இன்னோர் அடி. அடிக்கடி செய்கிற வேலையில் தேர்ச்சி வருவது இயற்கை. ஏரியின் மறுகரையிலிருந்துகூட ஒரே மூச்சில் வந்திருக்கிறேன். கபடிக்கு இப்படிப்பட்ட மூச்சுதான் வேண்டும் என்று யாரோ சொல்லி, பள்ளிக் கபடி அணிக்கு அனுப்பினார்கள். மூச்சு இருந்தது. பாடிக்கொண்டே போய் எதிரணியின் எல்லைக்குள் நின்றேன். அவர்கள் என்னைப் பிடிக்கக்கூட இல்லை. மூச்சு தீரும் வரை காத்திருந்தார்கள்.

என் ஆட்டம் முழுமை பெறாததற்கு அம்மாவும் ஒரு காரணம் என்று நெடுநாள் சொல்லித் திரிந்தேன். தாண்டை ஓங்கும் நேரத்தில்தான் கரையிலிருந்து ரேஷன் கடைக்குக் கூப்பிடும் குரல் வரும். பிற்பாடு ஜான் பனியன் 1666-ல் வெளியிட்ட தன்வரலாற்றைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடியது யாருடைய நூலை ஒட்டியோ, அதே பனியன்தான். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை அவர் ஆடிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட நம் கில்லி ஆட்டமேதான். குழியிலிருந்து ஓர் அடி அடித்தாயிற்று, இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது வானத்திலிருந்து ஒரு குரல். பாவத்தை விட்டுச் சொர்க்கம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா என்று கேட்டதாம். குச்சியை அப்படியே போட்டுவிட்டு நின்றார். என்னிடம் கேட்டது மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்களா என்று பார்த்து வா என்பதுதான். ஆனால் நானும் குச்சியைப் போட்டேன். அவர் இரண்டாவது அடிக்கு முன்னால் போட்டார், நான் முதல் அடியே படாத நிலையில் போட்டேன். அவருக்குக் கிடைத்தது ஞானம். எனக்குக் கிடைத்தது நிம்மதி.

கில்லி என்ற சொல் எங்கள் பேச்சில் முன்பே உண்டு. சுறுசுறுப்பான பையனை ‘கில்லி மாதிரி பறக்கறான்’ என்பார்கள். ‘மாதிரி’ என்கிற ஒட்டு உதிர்ந்து ஆளே கில்லி ஆனதும், அது தமிழ்நாடு முழுக்கப் போனதும் 2004-க்குப் பிறகு என்றுதான் நினைக்கிறேன். அந்த ஏப்ரலில் தரணி இயக்கத்தில் விஜய்யும் த்ரிஷாவும் பிரகாஷ்ராஜும் நடித்த ‘கில்லி’ வந்தது. தெலுங்கு ‘ஒக்கடு’வின் மறு ஆக்கம். கதாநாயகன் படம் முழுக்க ஆடுவது கபடி. ஓர் ஆட்டத்தின் பெயரை வைத்து இன்னோர் ஆட்டத்தை ஆடிக் காட்டியும் யாரும் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் கில்லி என்றால் கட்டை என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. 2024 ஏப்ரலில் மறுபடியும் திரையிட்டபோது, முதல் வெளியீட்டின் சமயத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் தியேட்டரில் ஆடினார்கள். என் பையன் திரும்பி வந்து, ‘அப்பா, கில்லின்னா இன்னா?’ என்று கேட்டான். இந்தக் கேள்விக்காக ஆயுள் முழுக்கக் காத்திருந்தவன்போல் குழியிலிருந்து ஆரம்பித்தேன். நெம்புவது வரைக்கும்கூடப் போகவில்லை, அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வால் உண்டு, ‘சொல்லி அடிச்சா கில்லி’. முன்கூட்டியே சொல்லிவிட்டு அதன்படி அடிப்பவன்தான் கில்லி. இங்கே அடி வாங்குகிற துண்டு திடீரென்று அடிப்பவனாக மாறிவிட்டதைக் கவனியுங்கள். இதில் பாதி என்னால் எப்போதும் முடிந்திருக்கிறது. சொல்லிவிடுவேன்.

2019 நவம்பர் 28-ல் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனது. தெருவில் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள். வாசகம், படம் எல்லாம் என் பொறுப்பு, சொல்லி அடிக்கிறேன் பாருங்கள் என்றேன். இரவெல்லாம் உட்கார்ந்து நம்மூர்க் கோயில் கோபுரம் என்று ஒரு படத்தைத் தேடி எடுத்து, அதன் மேல் எங்கள் மலையை ஒட்டி, கொட்டை எழுத்தில் வாழ்த்தும் போட்டுக் கொடுத்தேன். காலையில் டீக்கடை முன்னால் கூட்டம். ‘இது எந்தக் கோயிலுப்பா?’ என்று ஆரம்பித்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தென் மாவட்டமெல்லாம் சுற்றியவர். அது சிவகங்கைத் திருப்பத்தூரின் திருத்தளிநாதர் கோயில். எங்கள் மாவட்டம் பிறந்த அன்றைக்கு வேறு மாவட்டத்துக் கோபுரத்தை நடுத்தெருவில் நட்டு வைத்திருந்தேன். ஃபுட்பாலில் தன் வலைக்குள்ளேயே பந்தை அடிப்பவனுக்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயர், சேம் சைடு கோல். அன்றைக்கு அது எனக்குப் பட்டப்பெயர் ஆகி, கொஞ்ச நாளில் சுருங்கி ‘கோலு’ என்று நின்றது. இதற்கு முன்பே மதுரையில் ‘திருப்பத்தூர், திருப்பத்தூர்’ என்று கூவிய பஸ்ஸில் ஏறி, டிக்கெட் இவ்வளவு மலிவா என்று மகிழ்ந்து தூங்கிப்போன கதையை வீட்டில் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஃபிளெக்ஸ் விழுந்த அன்று மனைவி அதையும் வெளியே விட்டுவிட்டாள். ‘ஏங்க, அந்த ஊரோடதான் உங்களுக்கு ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்’ என்றாள்.

கிரிக்கெட் கொடுத்த சொற்களும் என்னிடம் வந்து சேர்ந்தால் இந்தக் கதிதான். ரன் எடுக்காமல் ஆட்டமிழப்பது டக், சுழியம் வாத்து முட்டை போல் இருப்பதால் வந்த பெயர். எங்கள் வாத்தியார் பரீட்சைத் தாளில் முட்டை என்றுதான் போடுவார், எந்தப் பறவை என்று சொல்லமாட்டார். தலைக்கு மேல் போகிற பாடம் பௌன்சர். 1858-ல் ஷெஃபீல்டில் அடுத்தடுத்த பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்த ஸ்டீஃபன்சனுக்குக் காசு திரட்டித் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள், ஹாட்ரிக் அங்கிருந்து வந்தது என்பார்கள். நான் லைசென்ஸுக்கு எட்டு போடும்போது ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றி ஹாட்ரிக் எடுத்தேன். தொப்பி கிடைக்கவில்லை, ஹெல்மெட் போடாததற்கு அபராதம் கிடைத்தது.

இவ்வளவு அனுபவம் இருப்பவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் உள்ளூர் இலக்கியக் கூட்டம் ஒன்றில் வட்டாரச் சொற்கள் பற்றிப் பேசக் கூப்பிட்டதும் ஒப்புக்கொண்டேன். மேடையில் கில்லிக்கு வேர் சொன்னேன். கிள்ளுதல் என்னும் தூய தமிழ் வினையிலிருந்து பிறந்தது, பெரிய கட்டையிலிருந்து கிள்ளி எடுத்த சிறு துண்டு ஆகவே கில்லி என்றேன். கைதட்டல். அந்தச் சூட்டிலேயே தாண்டு என்பதும் தாண்டுதலிலிருந்து வந்தது, கில்லியைத் தாண்ட வைப்பதால் தாண்டு என்றேன். இன்னும் பலத்த கைதட்டல். கூட்டம் முடிகிற நேரத்தில் வாணியம்பாடிப் பெரியவர் ஒருவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்தார். ‘தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க உருதுல அத கில்லி தண்டான்னு சொல்லுவாங்க. லாகூர்லயும் அதுதான், லக்னோலயும் அதுதான். கிள்றதுக்கு நீங்க பெரிய ளகரம் போடுவீங்க இல்ல?’ என்றார். போடுவேன். ளகரம், லகரம் இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வேர் பிடித்திருந்தேன். தண்டாதான் நம் வாயில் தாண்டு ஆனது என்பதும், அதற்கு மூலம் தண்டம் என்பதும் அவர் போட்ட பிச்சை. வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பதில் எனக்கு எப்போதும் பஸ் ஏறின பிறகுதான் வரும். இது பல மாதம் கழித்து வந்தது. பெயர் வடக்கிலிருந்து வந்ததே தவிர, ஆட்டம் நமக்குப் புதிதில்லை. பாவாணர் 1954-ல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று புத்தகமே போட்டிருக்கிறார். தெற்கே போனால் அது கிட்டிப்புள், இன்னும் பல ஊரில் சில்லாங்குச்சி. புள் என்றால் பறவை, அந்தத் துண்டு பறப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தவனுக்குக் கண் இருந்திருக்கிறது. பனியன் ஊர்க்காரர்கள் அதே துண்டுக்குப் பூனை என்று பெயர் வைத்தார்கள், அடித்தால் அது எப்படிப் பறக்கும் என்று எதிர்பார்த்தார்களோ. இன்னும் ருசியான சங்கதி மராட்டியத்தில் இருக்கிறது. அங்கே இந்த ஆட்டத்துக்கு விட்டி தாண்டு என்று பெயர், தூரம் அளக்கும்போது வகட், லேண்ட், முண்ட், நால் என்று எண்ணுவார்கள். மராத்தி எண்ணிக்கை அப்படிப் போகாது. ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று நம் பக்கத்துத் தெலுங்குக்காரர் யாராவது எண்ணுவதைக் கேட்டவருக்கு விஷயம் விளங்கிவிடும். வடக்கு ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தது, தெற்கு அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது. பெரியவரிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கவும் கூடும்.

அதற்குப் பிறகு சொல்லாராய்ச்சியில் நான் அடக்கி வாசிக்கிறேன். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அம்பேல் என்று கத்திவிட்டு ஒதுங்குவார்களே, அது பெரியவர்கள் பேச்சில் ‘ஆளு அம்பேல்’ என்று ஆளே காலியானதைக் குறிக்கிறது. ‘ஐ ஆம் ஆன் பெயில்’ என்பதன் சிதைவு அது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். கேட்க அழகாக இருக்கிறது. என் கிள்ளுதலும் அப்படித்தான் அழகாக இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

போன வருஷம் சாமை அரிசியும் தேனும் வாங்கப் புதூர் நாட்டுக்குப் போனேன். ஜவ்வாது மலையின் எங்கள் பக்கத்து ஊர், வளைந்து வளைந்து ஏறுகிற மலைப்பாதை. ஒரு புளியமரத்தடியில் பையன்கள் கில்லி ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே ஊரில் அந்த ஆட்டத்தைப் பார்த்து வெகு காலமாயிற்று. பைகளை மரத்தடியில் வைத்துவிட்டு நின்றேன். பிரேம்சந்த் எழுதிய ‘குல்லி டண்டா’ கதை நினைவுக்கு வந்தது. எஞ்சினியர் ஆகிவிட்ட ஒருவர் பிள்ளைப் பருவத்து ஊருக்குத் திரும்பி வந்து, பழைய தோழன் கயாவோடு குல்லி ஆடுகிறார். அந்தக் காலத்தில் ஆட்டத்தில் சூரனான கயா இப்போது ஓர் அதிகாரியின் குதிரைக்காரன். இவர் செய்கிற கள்ளாட்டத்தை எல்லாம் கண்டுகொள்ளாமல் தோற்றுக்கொண்டே இருக்கிறான். மறுநாள் அவன் மற்றவர்களோடு ஆடுவதைப் பார்த்த பிறகுதான், நேற்று அவன் தன்னை ஆடவிட்டான், தன்னோடு ஆடவில்லை என்று அவருக்குப் புரிகிறது. பதவி குறுக்கே வந்தால் ஆட்டம் செத்துவிடும் என்பது எவ்வளவு துக்கமான விஷயம். என்னையும் பேன்ட் சட்டை, கண்ணாடி, கையில் பை என்று பார்த்துவிட்டு இந்தப் பிள்ளைகள் மரியாதைக்காக விட்டுக்கொடுத்துவிடக் கூடாதே என்று உண்மையிலேயே கவலைப்பட்டேன்.

‘ஒரு கை நானும் ஆடட்டுமா?’ என்றேன். தாண்டைக் கொடுத்தார்கள். நெம்பினேன். கில்லி நேராகக் குழிக்குப் பக்கத்தில் நின்ற குட்டிப் பையன் கைக்குப் போனது. அவன் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை, மூடினால் போதும். மூடினான். ‘அவுட்டு!’ என்று மரம் அதிரக் கத்தினார்கள். அவர்களில் கயா ஒருவனும் இல்லை.

முகம் வாடியதை எவனோ கவனித்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடிப் பேசினார்கள். பெரியவனாகத் தெரிந்தவன் வந்து, ‘சார், எங்க கிட்ட ஆளு ஒத்தப்படையா கீது. நீங்க காமன்’ என்றான். தெருக் கிரிக்கெட்டிலிருந்து வந்த சட்டம் அது, மலைக்கும் ஏறிவிட்டது. ஆள் எண்ணிக்கை பொருந்தாதபோது மிஞ்சுகிற ஒருவன் இரண்டு அணிக்கும் ஆடுவான். ஒப்புக்குச் சப்பாணியை விட இது எவ்வளவோ நாகரிகமான சொல். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு இறங்கினேன். முதல் அணிக்கு ஆடி அவுட் ஆனேன். பிறகு இரண்டாவது அணிக்கும் ஆடி அவுட் ஆனேன். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அந்தப் பெரியவன் பைகளைத் தூக்கிக் கொடுத்தான். ‘அடுத்த தபா வரும்போது ஒரு ஸ்டம்பர் பால் வாங்கிக்கினு வாங்க சார், கில்லி எங்களுக்கே போர் அடிச்சிடுச்சு’ என்றான்.